பிரேக் அக்காவும் சனிக்கிழமைக் கூட்டமும்

அந்தக் கூட்டத்துக்கு அவள் வைத்த பெயர் 'மூக்குச் சிந்துவோர் சங்கம்'. வருகிறேன் என்று ஒப்புக்கொள்ளும் முன்பே பெயர் வைத்துவிட்டாள்.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: பிரேக் அக்கா. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேலேயே காலை வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டுவாள். "ஸ்டியரிங்கைப் பிடிங்கன்னா, அதைப் போட்டு ஏன் மாவு பிசையுறீங்க?" வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே அடுத்த மாதம் நாத்தனாரையும் கூட்டிவந்து சேர்த்துவிடுவார்கள்.

சொந்தமாகத் தொடங்கும் முன் இன்னொரு பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தாள். ஒரு மாலை, வண்டிச் சாவியைக் கொடுக்கப் போனவளை அந்த முதலாளி ஷெட்டுக்குள் அடைத்துப் பலாத்காரம் செய்தான். மறுநாளே வேலையை விட்டாள். கேட்டவர்களிடம் "சம்பளத் தகராறு" என்றாள். பழைய கார் ஒன்றை வாங்கித் தொழிலை ஆரம்பித்தாள். ஆனால் லைசென்ஸ் தேர்வு நடக்கும் மைதானம் ஊருக்கே ஒன்றுதான். அங்கே அவனும் வருவான். "என்னம்மா, தொழில் எப்படி?" என்று பல்லைக் காட்டுவான். அவ்வளவு வாய் இருந்தும் அந்த நேரம் மட்டும் அவளுக்குப் பேச்சு வராது.

தேர்வுக்காக வந்திருந்த தங்கை ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். தங்கை பல் மருத்துவமனையில் நர்ஸ். திறக்காத வாயைத் திறக்க வைப்பதுதான் அவள் பிழைப்பே. அன்று சமையலறையில் அக்காவை உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்டாள். எல்லாம் வெளியே வந்தது. இந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடித்தவளும் தங்கைதான்.

அச்சகத்துக்கு மேல்மாடியில் ஓர் அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி. இதே கொடுமைக்கு ஆளான ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆலோசகர் பஞ்சு மாதிரிக் குரலில் சொன்னார்: "எல்லாரும் கண்ணை மூடி, அமைதியா ஓடுற ஒரு ஆத்தை நினைச்சுக்குங்க."

"கண்ணை மூடுனா எனக்கு ஆறு வராதும்மா. அந்த நாய் மூஞ்சிதான் வருது," என்றாள் பிரேக் அக்கா.

ஓரத்திலிருந்து ஒரு கனைப்பு. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

"எனக்கும் அதேதான். இத்தனை மாசமா மூடின மாதிரி நடிச்சுக்கிட்டிருக்கேன்."

"நானும்," என்றது இன்னொரு குரல். "நானும்."

ஆலோசகருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் யாருமே சொல்லலை?"

"நீங்க அவ்வளவு ஆசையா ஆத்தைப் பத்திப் பேசுனீங்க. மனசு வரலை," என்றார் டீச்சர்.

அன்றோடு ஆற்றுக்கு விடை கொடுத்தார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்கள். சில வாரம் கழித்து பிரேக் அக்காவும் தனக்கு நடந்ததைச் சொன்னாள். யாரும் 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டவில்லை. டீச்சர் மட்டும் கேட்டார்: "அவன் இப்பவும் மைதானத்துக்கு வரானா? நாங்க வந்து சும்மா நிக்கவா?"

"நீங்க வேண்டாம்னா யாரும் வரமாட்டோம்," என்றார் ஆலோசகர்.

அந்த வாரம் முழுக்க மாணவிகள் மேல் எரிந்து விழுந்துவிட்டு, கடைசியில் "வாங்க" என்றாள்.

மைதானத்தின் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். கையில் ஆளுக்கொரு கோன் ஐஸ்கிரீம். அவன் வழக்கம்போலப் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். "என்னம்மா, மாநாடா?"

இந்த முறை அவளுக்குப் பேச்சு வந்தது. "ஷெட்டுல நீ எனக்கு என்ன பண்ணேன்னு இவங்க எல்லாருக்கும் தெரியும். உன் மூஞ்சியைப் பார்க்க வந்திருக்காங்க."

டீச்சர் ஐஸ்கிரீமை ஒரு நக்கு நக்கிவிட்டு, "நான் நினைச்சதை விடக் குள்ளம்," என்றார்.

அவன் முகம் செத்துப்போய்க் காருக்கு ஓடினான். அவசரத்தில் கிளப்பிய வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து நின்றது. "கிளட்ச்!" என்று கத்தினாள் பிரேக் அக்கா, பழக்க தோஷத்தில். மைதானமே சிரித்தது.

பிறகு அவள் சுவரோரம் போய்க் குடல் வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தாள். தங்கை தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஓர் இளம்பெண் தயங்கித் தயங்கி மாடியேறி வந்தாள். அவனுடைய பள்ளியில் வரவேற்பில் இருப்பவள். "அன்னிக்கு நானும் அங்கதான் நின்னேன்கா. நீங்க சொன்னது கேட்டுச்சு," என்றவள் டிஷ்யூ பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிரேக் அக்கா தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அன்று அவள் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

இருவரும் சேர்ந்தே போலீசுக்குப் போனார்கள். வழக்கு நடக்கிறது என்று சொல்வதைவிட நொண்டுகிறது எனலாம். அவன் இப்போது மைதானத்துக்கு வருவதில்லை; தனக்குப் பதில் ஆள் அனுப்புகிறான். சில சனிக்கிழமைகளில் பிரேக் அக்கா ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவாள். சில நாள் சங்கத்தின் பெயருக்கேற்ப மூக்கையும் சிந்துவாள்.

டீச்சர் அவளிடமே கார் பழகச் சேர்ந்திருக்கிறார். போன வாரம் அச்சகத்து வாசலில் பின்னால் எடுக்கும்போது ஆலோசகரின் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டார்.

"கோணம் சரியாத்தான்மா இருந்துச்சு."

"கோணமெல்லாம் சரிதான் டீச்சர். ஸ்கூட்டர் நின்ன இடம்தான் தப்பு. இறங்குங்க, தூக்கி நிறுத்துவோம்."