அந்தோனியண்ணை தமிழில் சொன்ன தெலுங்குப் படம்

அந்தோனியண்ணை போய்விட்டார்...

காலையில் வேலையிடத்தில் கோப்பி குடிக்கிற நேரம் போனைப் பார்த்தால் பக்கத்து ஊரான ஸ்கீவவில் இருந்து மெசேஜ். கோப்பியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் ஹொல்ஸ்டெப்ரோவின் பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்... மன்னார்க்காரர். மீன் ஃபேக்டரியில் வேலை. வீடியோ டெக் இருந்த காலத்தில் எங்கள் எல்லோருக்கும் படக்கொப்பி கொண்டுவந்து தந்தவர்.

எண்பதுகளின் கடைசி. ஒரே பிளாட்டில் சிவா, நான், இன்னும் இரண்டு பேர். நான் ஒருவன்தான் உண்மையான பச்சிலர். மற்றவர்கள் கலியாணம் கட்டிய பச்சிலர்கள்!

மனைவிமார் இலங்கையில், அவர்களைக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் விண்ணப்பங்கள் கோபன்ஹேகனில். நீதி அமைச்சர் அவற்றைக் கிடப்பில் போட்டு, பின்னாளில் 'தமிழ் வழக்கு' என்று பெரிதாகி இந்த நாட்டு அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பியதே, அந்த அலுவல்தான். அப்போது எங்களுக்கு அது வெறும் "இன்னும் பதில் வரேல்லை".

அந்தோனியண்ணையும் அந்தக் கோஷ்டிதான். ரீற்றா அக்கா மன்னாரில்... இவர் இங்கே எங்கள் சோபாவில்.

ஒரு ஞாயிறு மத்தியானம், லண்டனில் இருந்து வந்த புதுக் கொப்பியோடு வந்தார். பெட்டியில் தமிழ்ப் படம் என்று எழுதியிருந்தது. டெக்கில் போட்டால்... தெலுங்கு!

சிவா எழும்பிவிட்டான். "நிப்பாட்டுங்கோ அண்ணை. நான் உடுப்புத் தோய்க்கப் போறன்."

"இருடா. எனக்குத் தெலுங்கு தெரியும். மெட்ராசிலை கொஞ்சக்காலம் நிண்டனான்."

மெட்ராசில் நின்றதற்கும் தெலுங்குக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளியே மழை. வேறு படமும் இல்லை.

நல்ல காதல் காமெடிதான். நகரத்தில் தனியாக ரூம் எடுத்து, வேலைக்குப் போய், கலியாணமே வேண்டாம் என்று இருக்கும் ஒரு பெண். மேல்மாடியில் அதே கொள்கையோடு ஒரு பையன். குழாயடியில் சண்டை, உடுப்புக் காயப்போடுகிற கயிற்றில் சண்டை... இதெல்லாம் பாஷை இல்லாமலே விளங்கியது.

அண்ணை ரீவிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, எல்லா வசனத்தையும் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். ஆண் குரல், பெண் குரல், எல்லாம் அவரே.

வீட்டுக்காரக் கிழவர் கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் கத்தினார். அண்ணை சொன்னார்: "இண்டைக்குத் தண்ணி வராதாம்."

"இவ்வளவு நேரம் கத்தினது அதுக்கோ?"

"தெலுங்கிலை அப்பிடித்தான். சொல்லெல்லாம் நீளம்."

பிறகு கதாநாயகி ஏதோ ஓர் ஆபீசுக்குப் போனாள். அண்ணை குரலை மெல்லியதாக்கினார். "ஐயா, என்ரை ஃபைல் எங்கை? போன மாசமும் வந்தனான்."

கண்ணாடி போட்ட அதிகாரி வாயைத் திறந்தார். "கவலைப்படாதையும் பிள்ளை. உம்மடை ஃபைல் பத்திரமாய் இருக்கு. மேசைக்குக் கீழை இருக்கு."

சிவாவுக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. அந்த வருடம் அவன் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

படம் முடிந்து, கோப்பை கழுவும்போது கேட்டேன். "அண்ணை, உண்மையாய்த் தெலுங்கு தெரியுமோ?"

"'ஏமண்டி' தெரியும்."

"அப்பிடியெண்டா என்ன?"

"அது... எல்லாத்துக்கும் வரும்."

அதன்பிறகு ஞாயிறு என்றால் அந்தப் படம்தான். ஸ்கீவவில் இருந்தெல்லாம் பஸ் எடுத்து வந்தார்கள். கதையும் வாராவாரம் மாறும். ஒரு வாரம் அந்த வீட்டுக்காரக் கிழவர் நீதி அமைச்சராகக்கூட ஆகிவிட்டார்!

கடைசியில் அலுவல் பேப்பரில் எல்லாம் அடிபட்டு, விண்ணப்பங்கள் அசைந்து, ரீற்றா அக்கா வந்து சேர்ந்தார். இனி அண்ணை எங்கள் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தோம்.

வந்தார். அடுத்த ஞாயிறே... அதற்கு அடுத்ததும். தனியாக.

"அக்கா எங்கை அண்ணை?"

"வீட்டிலை. அவ ஒரு பக்கம் இருக்கிறா, நான் ஒரு பக்கம் இருக்கிறன். என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்லையடா..."

அவர் சொல்லி முடிக்கவில்லை, பெல் அடித்தது. திறந்தால் ரீற்றா அக்கா. பெரிய கோட்டுக்குள் சின்ன முகம்.

"இவர் இஞ்சையோ?" என்றார். உள்ளே வந்து சிவாவின் இடத்தில் இருந்தார். "போடுங்கோ, நானும் பாக்கிறன்."

படிக்கட்டில் கதாநாயகி பையனைப் பார்த்துக் கத்துகிற இடம். அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "நீங்கள் இல்லாமல் என்னாலை ஒரு நாளும்..."

"இல்லை," என்றார் அக்கா. "அவளின்ரை முகத்தைப் பாருங்கோ. அவள் அப்பிடிச் சொல்லேல்லை."

பிறகு அக்காவே சொன்னார், படத்தைப் பார்த்தபடி. "இத்தனை வருசம் நான் தனிய நிண்டனான். ஆமி செல்லடிக்கேக்கையும் தனியத்தான் ஓடினனான். இப்ப உங்கடை வீட்டுக்குள்ளை வந்தும் தனியவோ?"

படத்தில் பையன் நீளமாக என்னவோ பதில் சொன்னான். பையன் கதைத்து முடித்து, பாட்டும் தொடங்கிவிட்டது.

"எனக்கு ஆளோடை இருந்து பழக்கம் விட்டுப்போச்சு," என்றார் அண்ணை, மெல்ல.

சிவாதான் அண்ணையைக் காப்பாற்றப் பார்த்தான். "அவன் அவ்வளவும் கதைச்சது இதுதானோ அண்ணை?"

"அவருக்கு ஏலுமானது அவ்வளவுதான் தம்பி," என்றார் அக்கா. முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு நாங்கள் எல்லோரும். கடைசியாக அண்ணை.

வெளிக்கிடும்போது அக்காவுக்கு குளிருக்குப் போடுகிற உயரச் சப்பாத்தின் சிப் இழுக்க வரவில்லை. அண்ணை வாசலில் முழங்காலில் இருந்து, இரண்டு காலுக்கும் பூட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கு அடுத்ததும்...

இன்று மத்தியானம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவரே கதைத்தார்.

"சனிக்கிழமை அடக்கப் பூசை. நேரத்துக்கு வா. பெட்டி தூக்க ஆள் காணாது. சிவாவுக்கும் நாரி நோவாம், குனியேலாதாம். நீ ஜிம்முக்குப் போறனிதானே?"

"ஓம் அக்கா, வாறன்."

தூக்கிறன் அண்ணை. நீங்கள் பாரமான ஆள்தான்... மெதுவாய்த்தான் நடப்பன்.