காவல் நிற்கப் பழகிய மூன்று வாரம்

போன வாரம் மகனிடமிருந்து வந்த இன்லண்ட் லெட்டரில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை. அவன் ராணுவத்தில் குமாஸ்தா. அவனுக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று படித்தால், ‘எல்லைக்கு அனுப்பப் போகிறார்கள் அப்பா, அதற்கு முன் எங்களுக்கும் துப்பாக்கிப் பயிற்சி’ என்று எழுதியிருந்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கறையை முகர்ந்து பார்த்தேன். ரைஃபிள் எண்ணெயேதான். அறுபத்தைந்தாம் வருடத்தில் என் சட்டை, தலையணை, தட்டில் விழுந்த சப்பாத்தி எல்லாவற்றிலும் அந்த வாசம்தான். அப்போது நானும் கோயமுத்தூரில் ஒரு ராணுவக் கிடங்கில் குமாஸ்தா. வடக்கே சண்டை வரும்போல இருந்தது. டைப் அடித்துக்கொண்டிருந்த எங்களையும் லாரியில் ஏற்றி, மேற்கே மலையடிவாரத்துக்கு மூன்று வாரப் பயிற்சிக்குக் கொண்டுபோனார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கே ஆளையே தள்ளும். என் குண்டு ஒன்றுகூடக் குறி அட்டையைத் தொடவில்லை. பழியைக் காற்றின்மேல் போட்டேன். பக்கத்தில் படுத்துச் சுட்டவனுக்கும் அதே காற்றுதான் என்பதை யாரும் சொல்லிக்காட்டவில்லை.

பயிற்சியில் தேறியவன் வடக்கே போக வேண்டும், தேறாதவன் கிடங்கிலேயே தங்கிவிடலாம். உடுமலைப்பேட்டையில் என் மனைவிக்கு ஏழு மாதம். தேறாமல் போனால்தான் என்ன என்று உள்ளே ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு காவல் நிற்கும் பயிற்சி. புதருக்குள்ளிருந்து ஆள் வருவான். துப்பாக்கியை நீட்டி ‘தம்!’ என்று அதட்ட வேண்டும். இந்தியில் நில் என்று பொருள். முதல் நாள் புதர் அசைந்தது, ஆள் வந்தான். என் வாய் தானாக, “வாங்க, வாங்க” என்றது. போதாததற்குத் துப்பாக்கியை ஒதுக்கிப் பிடித்து வழியும் விட்டேன். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வாசலில் நிழல் தட்டினாலே, முகம் பார்க்கும் முன் அந்தச் சொல் வந்துவிடும்.

பயிற்சி கொடுத்த ஹவில்தார் சத்தியமங்கலத்துக்காரர், என் வயதுதான். “ஏனுங்க கிளார்க்கு, குடிக்கத் தண்ணி மோந்து குடுக்கலீங்களா?” என்றார். மைதானமே சிரித்தது. அப்புறம் தனியாகக் கூப்பிட்டார்.

“வேணும்னே பண்றீங்களாக்கும்?”

“இல்லீங்க, பழக்கதோசமுங்க.”

“இங்கியே இருந்துக்கறதுன்னா இருந்துக்குங்க. ஆனா உங்க எடத்துக்கு இன்னொருத்தன் போவானுங்க. அவனுக்கும் ஊட்ல ஆராச்சும் இருப்பாங்கல்ல?”

ஞாயிற்றுக்கிழமை மனைவி தன் அண்ணனோடு பஸ் ஏறி வந்தாள், கையில் கச்சாயப் பலகாரம் நிறைந்த போசிப் பாத்திரம். ஹவில்தார் கேட்டது உட்பட நடந்ததைச் சொன்னேன். தேறாவிட்டால் போகவேண்டியதில்லை என்பதையும் சொன்னேன். அவள் போசியைக் கீழே வைத்தாள்.

“நா வாரேன். சொல்லிப் பழகுங்க.”

வேப்பமரத்துக்குப் பின்னால் போய், வயிற்றைத் தாங்கியபடி மெதுவாக நடந்து வந்தாள். இரண்டு தடவை எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்றாம் தடவை ‘தம்!’ என்றேன். மச்சான் கையிலிருந்த கச்சாயம் மண்ணில் விழுந்தது.

“இத்தன கொரலு உங்களுக்கு இருக்குதுங்களா? ஊட்டுக்கு வந்து எம்மேல காட்டிப்போடாதீங்க” என்று சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

பரீட்சையன்று புதரிலிருந்து வந்தவர் மேஜர். நிறுத்திவிட்டேன். சுட்டதில் இரண்டு குண்டு அட்டையின் ஓரத்தில் பட்டிருந்தன. குமாஸ்தாவுக்கு அது போதும் என்றார்கள். வடக்கே போய்ச் சேர்ந்த சில நாளில் சண்டை நின்றது. மார்கழியில் ஊர் வந்தபோது தொட்டிலில் கிடந்த பையன்தான் இப்போது கடிதம் போட்டிருப்பவன்.

கடிதம் வந்த மறுநாள் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் அந்த மலையடிவாரத்துக்குப் போனேன். மைதானம் இல்லை. வரிசையாக வீடுகள், கொடிகளில் குழந்தைத் துணிகள். நாங்கள் சுட்ட குண்டுகளையெல்லாம் வாங்கிக்கொண்ட பெரிய மண்மேட்டையும் காணோம். டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

“அதைய லாரில அள்ளி, இந்த ஊட்டுக்கெல்லாம் அஸ்திவாரத்துல கொட்டிப்போட்டாங்களேங்க.”

அத்தனை குண்டுகளுக்கும் மேலே யாரோ காலை நீட்டித் தூங்குகிறார்கள். என் மகன் இன்று குறிபார்க்கும் மேடும் ஒருநாள் அப்படியே காணாமல் போகட்டும்.