29 இன்ச் சக்கரத்தில் சிதம்பரம்: ஏறியது எளிது, இறங்கியதுதான் பயணம்

என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். பிளஸ் ஒன் வகுப்பில் எல்லோரும் என்னை ஓட்டுகிறார்கள். பதிலுக்கு நான் ஓட்ட ஒரு நல்ல சைக்கிளாவது வேண்டாமா? அதனால்தான் காலாண்டு விடுமுறையில் இந்தப் பயணம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை இருக்கிறது, அம்மா விடமாட்டார். ஆகவே சனிக்கிழமை.

கடலூரில் மலை சைக்கிள் எதற்கு என்று கேட்காதீர்கள். கேப்பர் மலையை மலை என்று சொன்னால் மற்ற மலைகள் கோபித்துக்கொள்ளும், சரிதான். ஆனால் பள்ளத்துக்கு எங்கள் ஊரில் குறைவே இல்லை. முன்பு இந்த வகை சைக்கிள் எல்லாமே 26 இன்ச் சக்கரத்தில்தான் வந்தன. இப்போது கம்பெனிகள் 27.5, 29 என்று ஏறிவிட்டன. சக்கரம் பெரிதானால் பள்ளத்தில் விழாமல் அதன் மேலேயே உருண்டு போய்விடும் என்பது கணக்கு.

கடையில் டெமோவுக்கு வைத்திருந்த 29 ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். அப்பா ஒரு நிபந்தனை போட்டார்: அதே வண்டியில் சிதம்பரம் போய்த் திரும்பி வரவேண்டும். வந்தால் வாங்கித் தருவார். முடியாமல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தால், பிளஸ் டூ முடியும்வரை சைக்கிள் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. துணைக்கு ஸ்டீபன் மாமா, அம்மாவின் தம்பி, தன் பழைய 26-இல் வந்தார்.

மஞ்சக்குப்பத்தில் 5.40-க்குக் கிளம்பினோம். முதுநகர் தாண்டி 6.05-க்கு முதல் டீ, ஒன்று 12 ரூபாய். அங்கேதான் ஒரு சின்ன விஷயம் புரிந்தது. ஏறிவிட்டால் வண்டி பறக்கிறது. நின்றால் என் கால் தரையைத் தேடுகிறது, தரை கிடைப்பதில்லை. நடுக்கம்பிக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நிற்கவே முடியவில்லை. தீர்வும் உடனே கிடைத்தது. கிலோமீட்டர் கல், மதகுச் சுவர், பஸ் ஸ்டாப் திண்டு, எது உயரமோ அதன் பக்கத்தில் போய் ஒரு காலை ஊன்றுவது. மற்றவர்களுக்கு அது மைல்கல், எனக்கு அது மிதிகல்.

ஆலப்பாக்கம் 18-ஆவது கிலோமீட்டர், மணி 6.55. மதகுச் சுவரில் நின்றபடி ஒரு போட்டோ எடுத்து, சுவர் தெரியாமல் வெட்டி, குடும்பக் குரூப்பில் போட்டேன். "வளந்துட்டியேடி" என்று அத்தை எழுதினார். அடுத்த ஒன்பது கிலோமீட்டருக்கு எனக்குப் பெட்ரோல் அதுதான்.

புதுச்சத்திரத்துக்கு முன் சாலை வேலை நடந்த இடத்தில் ஒரு கிலோமீட்டர் முழுக்க ஜல்லி. மாமாவின் 26 ஒவ்வொரு கல்லுக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே வந்தது. என் சக்கரம் எதையும் மதிக்கவில்லை. நாலு நிமிடம் முன்னால் போய், அங்கிருந்த இளநீர்க்காரரிடம் பின்னால் வருகிற அண்ணன் ஒலிம்பிக்குக்குத் தயாராகிறார், கைதட்டி வரவேற்கணும் என்று சொல்லி வைத்தேன். அவரும் தட்டினார். மாமா இளநீரை (50 ரூபாய்) என் முகத்தைப் பார்க்காமலே குடித்தார்.

பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம், 8.50-க்குச் சிதம்பரம். மாமா வாட்ச் கணக்குப்படி 46 கி.மீ. மேல வீதியில் இட்லி கொத்சு, ஆளுக்கு 60 ரூபாய். இதுவரை எல்லாம் வெற்றிதான்.

கீழ வீதியில் எனக்கு முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. பிரேக் பிடித்தேன். பக்கத்தில் கல் இல்லை, திண்டு இல்லை. வண்டி சாய, நானும் சாய்ந்து, நின்றுகொண்டிருந்த லோடு ஆட்டோவைக் கட்டிப்பிடித்தேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, ஏணிய வூட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்றார். முழங்கை சிராய்ப்பு, ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பிவிட்டது. அவரே பக்கத்துத் தெருவில் ஒரு மெக்கானிக்கைக் காட்டினார்.

மெக்கானிக் அக்காவுக்கு முப்பது வயது இருக்கும். ஹேண்டிலை நேராக்கிவிட்டு, சீட்டுக்குக் கீழே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார்.

"கடையில என்ன கேட்டு வாங்குனீங்க?"

"29."

"டிவி வாங்குற மாதிரியே எல்லாரும் இன்ச் கேக்குறீங்க. அது சக்கரத்தோட இன்ச்சுமா. பிரேமுக்கு, அதான் இந்தக் கம்பிக் கூட்டுக்கு, வேற இன்ச் இருக்கு, இது 17. ஒனக்கு 15 போதும். சக்கரம் ரோட்டுக்கு, பிரேம் ஆளுக்கு."

மாமாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வாரம் யூடியூபில் சக்கரத்தைப் பற்றி மட்டும் படம் பார்த்த இரண்டு மேதைகள்.

வெளியே வந்ததும் மாமா தணிந்த குரலில், "சொல்லாத வுடு. பாதி ஓட்டிட்ட, மீதியயும் ஓட்டுனா வண்டி ஒனக்கு. இத வுட்டா அப்பா மறுபடி எப்ப சரின்னுவாரு?" என்றார். நியாயமான கேள்வி. இருந்தாலும் வாங்கினால் நாலு வருஷம் ஓட்டவேண்டிய வண்டி. தமிழ்நாட்டில் எல்லா சிக்னலிலும் எனக்காக லோடு ஆட்டோ நிறுத்தி வைப்பார்களா?

அப்பாவுக்குப் போன் போட்டேன். வண்டி எனக்குப் பெரிசு, விழுந்துட்டேன் என்றேன்.

"அப்ப அந்த போட்டோ?"

"மதகு மேல நின்னேம்பா."

"அத்தகிட்ட நீயே சொல்லிடு. கைய கழுவுனியா? சரி. சொன்ன பேச்சுல பாதிதான் ஆயிருக்கு. மீதிய ஓட்டிக்கிட்டு வா, அப்புறம் பேசலாம்."

9.50-க்குத் திரும்பினோம். எதிர்க்காற்று, வெயில், இரண்டு மதகில் ஓய்வு. ஜல்லியில் மறுபடியும் மாமாவை முந்தினேன், அது வேறு விஷயம். 1.35-க்கு வீடு. பஸ் இல்லை, தள்ளல் இல்லை.

இதே வழியில் போகிறவர்களுக்கு: 5.30-க்கு மேல் தாமதிக்காதீர்கள், திரும்பும்போது காற்று ஜாஸ்தி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஜல்லி, மணல் என்றால் பெரிய சக்கரம் உண்மையிலேயே நல்லது. அந்த விஷயத்தில் கம்பெனிகள் பொய் சொல்லவில்லை. கிள்ளை, பிச்சாவரம் பக்கம் போக ஆசை இருந்தால் சிதம்பரத்தில் ஒரு ராத்திரி தங்குங்கள், ஒரே நாளில் இழுக்காதீர்கள். முக்கியமாக, கடையில் சக்கரத்தைக் கேட்பதற்கு முன் நடுக்கம்பிக்கு மேல் இரண்டு காலையும் ஊன்றி நின்று பாருங்கள்.

திங்கட்கிழமை அப்பா கடைக்குக் கூட்டிப்போனார். அந்த மாடலில் 15 பிரேம் 27.5 சக்கரத்தோடுதான் வருமாம், 29-இல் கிடையாது. ஒரு நிமிடம் மனசு கேட்கவில்லை. பிறகு ஏறி கடைக்கு முன்னால் ஒரு சுற்று சுற்றி, பிரேக் பிடித்து நின்றேன். அப்பா பணத்தை எடுத்தபடி, "எறங்கு, பில்லு போடட்டும்" என்றார்.

இறங்கினேன். யாரையும் பிடிக்காமல்.