இடது பக்க வீக்கம்

பெற்றவர்கள் அவருக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்தார்கள். அது அடையாள அட்டையோடு சரி. தெருவுக்கும் பட்டறைக்கும், கோபம் வந்தால் பொண்டாட்டிக்கும்கூட, அவர் டிங்கர்தான். நசுங்கின கதவு, சொட்டை விழுந்த பானெட், மரத்தில் முட்டி மூஞ்சி போன வேன், எதைக் கொண்டுபோய் விட்டாலும் அடிபட்ட இடம் எது என்று சொந்தக்காரனே தேடும்படி திருப்பிக் கொடுப்பார். தட்டி முடித்த தகரத்தைக் கண்ணால் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கைக்கும் தகரத்துக்கும் நடுவில் மெல்லிய பருத்தித் துணியை வைத்துத் தடவுவார். "கண்ணு வெளிச்சத்துக்கு ஏமாந்துரும், கை ஏமாறாது" என்பார். பீற்றிக்கொள்கிற ஆள்தான். ஆனால் பீற்றிக்கொள்ளக் கையில் சரக்கு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய தங்கச்சி ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தாள். உள்ளே பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் மாடல், ஒரு பழங்காலத்து ஸ்போர்ட்ஸ் கார், அசல் வண்டியில் இருபத்து நாலில் ஒரு பங்கு. இரண்டே சீட்டு, நீள மூக்கு, தாழ்ந்த கூரை. செத்துப்போன அவள் புருஷன் ஓட்டிய அதே ரகம். அவர் போய் எட்டு வருஷம் ஆகிறது. அப்போது இரண்டு வயதாக இருந்த பெண்ணுக்கு இப்போது பத்து. அப்பாவின் வண்டி எப்படி இருக்கும் என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறாள் என்று தங்கச்சி இதைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தாள்.

"ஒட்டாமச் சும்மா சேர்த்து வெச்சுப் பார்த்தேண்ணே. இது அந்த வண்டி இல்ல. என்னன்னு சொல்லத் தெரியல. ஏதோ தொப்பி போட்ட மாதிரி இருக்கு."

டிங்கர் வாங்கி ஒரு பார்வை பார்த்தார். "கூரை ஒசந்து போச்சு. மூக்கும் மொண்ணை. அச்சு வார்த்தவன் வண்டியைத் தூரத்துலேருந்து பார்த்திருப்பான் போல."

"உன்னால சரி பண்ண முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். கண் மங்குகிறது, இது சின்னஞ்சிறு வேலை, ஆயிரம் சாக்கு இருந்தது. ஆனால் எட்டு வருஷமாக அவர் தங்கச்சியிடம் முடியாது என்ற சொல்லைச் சொன்னதே இல்லை. அவள் வீட்டில் குழாய் ஒழுகினால் அவர். மின்விசிறி கிறீச்சிட்டால் அவர். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு அங்கே போய் உட்காருவதும் அவர். கூடப்பிறந்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிடுவார். "வெச்சுட்டுப் போம்மா" என்றார்.

பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் பழைய செய்தித்தாளை விரித்துக் கடை பரப்பினார்.

"ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் தீர்ந்து, இப்பத் தீப்பெட்டியைத் தட்ட ஆரம்பிச்சாச்சா?" என்று பொண்டாட்டி கேட்டாள். "பட்டித் தூள் குழம்புல விழுந்தா நான் பொறுப்பில்ல."

கூரை வேலை சுகமாகவே போனது. தங்கச்சியின் ஆல்பத்திலிருந்து வண்டி பக்கவாட்டில் தெரிகிற படத்தை எடுத்து, மாடலின் அளவுக்குச் சிறிதாக்கிப் பிரதி எடுத்துக்கொண்டார். கூரையைத் தாங்கும் தூண்களை மெல்லிய ரம்பத்தால் அறுத்து, ஒரு மில்லிமீட்டர் குறைத்து, மறுபடி ஒட்டினார். மூக்கின்மேல் பட்டிப் பசையை அப்பி, காய்ந்த பிறகு உப்புத்தாளை நனைத்துத் தேய்த்துக் கூராக்கினார். தொப்பி போட்டிருந்த வண்டி தொப்பியைக் கழற்றியது. படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அந்த வண்டியே தூரத்தில் வந்துகொண்டிருப்பதைப் போல இருந்தது.

முன் மட்கார்டுகளில்தான் தகராறு தொடங்கியது. சக்கரத்தின்மேல் கவிழ்ந்திருக்கிற அந்த வளைவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வலது பக்கத்தை முடித்து, அதன் வளைவுக்கு ஏற்ப ஓர் அட்டையை வெட்டிக்கொண்டார். அதே அட்டையைத் திருப்பி இடது பக்கத்தில் வைத்தால் இடைவெளி தெரியாமல் உட்கார வேண்டும். உட்காரவில்லை. இடது பக்கம் நகத்தின் கனத்துக்கு வீங்கியிருந்தது. தேய்த்துக் குறைத்தார். குறைத்தது பள்ளமானது. பள்ளத்தில் பட்டி வைத்து, கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவித் தடவித் தேய்த்தார். கை "சரி" என்றது. கண்ணைத் திறந்து அட்டையை வைத்தார். மறுபடி அதே இடத்தில் அதே வீக்கம்.

மூன்று ஞாயிறு இப்படியே போயிற்று. ஏன் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த வீக்கம் கைக்குப் பழக்கமானது. அதைப் படைத்ததே அவர் கைதான்.

மாப்பிள்ளை சாவதற்கு ஆறு மாதம் முன்னால் அந்த வண்டியை ஒரு சுவரில் இடித்துவிட்டு வந்து நின்றார். இடது முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. மனுஷன் அழாத குறை. "நான் இருக்கேன்ல மாப்பிள்ளை" என்றார் டிங்கர். மட்கார்டைக் கழற்றிவிட்டு, வண்டிக்கு அடியில் மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்து அளந்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் வண்டியின் அடிச்சட்டம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றாக இல்லை. சங்கிலி போட்டு இழுத்தார். கொஞ்சம் வந்தது. மறுபடி அளந்தார். இன்னும் ஒரு சுண்டுவிரல் அகலம் பாக்கி. இடது சக்கரம் அந்த அளவுக்குப் பின்னால் தள்ளியிருந்தது. சட்டத்தை நிமிர்த்துகிற பெரிய மேடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பட்டறையில் இருந்தது. அந்தப் பட்டறைக்காரனுக்கும் இவருக்கும் ஆகாது. சொந்த மாப்பிள்ளையின் வண்டியை அவனிடம் கொண்டுபோய் நிறுத்தினால் ஊரே சிரிக்கும் என்று தோன்றியது. நூலைச் சுருட்டிப் பையில் போட்டார். கோணல் சட்டத்தின்மேல் மட்கார்டைப் பொருத்தி, பானெட்டோடு சேர்கிற இடத்தில் இடைவெளி சீராகத் தெரியும்படி பட்டி வைத்துக் கொஞ்சம் புடைக்கவிட்டு, வண்ணம் அடித்து, பூசி மெழுகிக் கொடுத்தார். மாப்பிள்ளை அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம், மழையும் காற்றும் இல்லாத நேரத்தில், ஒரு நேரான சாலையில், அந்த வண்டி இடது பக்கமாக இறங்கிப் பாலத்தின் கட்டைச் சுவரில் மோதியது. வண்டியில் வேறு யாரும் இல்லை. ஒரு நொடி அசந்திருப்பார் என்று போலீஸ் எழுதியது. நொறுங்கினதற்குள் பழைய கோணலை யார் தேடப்போகிறார்கள்? டிங்கர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. குழாய் மாட்டினார், மின்விசிறி மாட்டினார்.

நாலாவது ஞாயிறு, மாடலின் உடலைத் தரைப்பகுதியோடு ஒட்டிச் சக்கரங்களை மாட்டி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். மேஜையைத் துடைக்க வந்த பொண்டாட்டி வண்டியை லேசாகத் தள்ளி நகர்த்தினாள்.

"என்னங்க, உங்க வண்டி ஒரு பக்கமாவே போகுது."

அவர் வந்து பார்த்தார். அவள் மறுபடி தள்ளினாள். நேராகப் புறப்பட்ட வண்டி, மேஜையின் நடுவில் இடது பக்கம் திரும்பி, உப்பு ஜாடியில் மூக்கை முட்டி நின்றது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அறுத்து ஒட்டியதில் உடல் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு தரைப்பகுதியையும் இழுத்திருக்கிறது. அதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஜாடியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் மறுபடி உட்கார முடிந்தது. மாப்பிள்ளை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைப் போலவே இருந்தது. மனுஷன் வருத்தப்பட்ட முகத்தோடு இருந்தால்கூடத் தாங்கலாம். அன்றைக்குக் கட்டிப்பிடித்த முகத்தோடு இருந்தார்.

இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவு செய்தார். பிரித்தார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரும்வரை தரைப்பகுதியை வெந்நீரில் காட்டி நிமிர்த்தினார். கையை நம்பாமல் அட்டையை மட்டும் நம்பி இடது மட்கார்டைத் தேய்த்தார். அட்டை இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்தது. கரும்பச்சை அடித்து மெருகேற்றினார். தள்ளினால் மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நூல் பிடித்ததைப் போல ஓடியது. எட்டு வருஷம் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. இந்தச் சின்ன வண்டியாவது நேராகப் போகட்டும், தங்கச்சி பார்த்துச் சந்தோஷப்படட்டும், இத்தோடு முடியட்டும் என்று நினைத்தார்.

தங்கச்சி வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு அவள் கட்டைவிரல் இடது மட்கார்டுக்குப் போய், அங்கே எதையோ தேடியது.

"இங்க கொஞ்சம் வீங்கியிருக்குமேண்ணே?"

அவர் அவள் கட்டைவிரலையே பார்த்தார்.

"அவர் சொல்லிச் சிரிப்பார். வண்டிக்குப் பல்வலி, கன்னம் வீங்கியிருக்குன்னு. தினம் கிளம்பறப்ப அதை ஒரு தட்டுத் தட்டிட்டுத்தான் ஏறுவார்." தங்கச்சியும் சிரித்தாள். "ஸ்டியரிங்கை லேசா விட்டா இடது பக்கம் இழுக்கும். அண்ணன்கிட்டக் காட்டுங்கன்னு நானும் எத்தனையோ தடவை சொன்னேன். வேண்டாம், மச்சான் ஆசையாப் பண்ணிக் கொடுத்தது, குறை சொன்னா முகம் வாடிரும், கொஞ்சம் அழுத்திப் பிடிச்சு ஓட்டினா ஆச்சுன்னுட்டார். அன்னைக்கும் அழுத்தித்தான் பிடிச்சிருப்பார். விதி, ஒரு நொடி அசந்துட்டார்."

டிங்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். எட்டு வருஷமாக மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்றாவது நினைத்துக்கொண்டிருந்தார்.

"அசந்திருந்தா நேராத்தான் போயிருக்கணும்" என்றார். "ரோடு நேராத்தாம்மா இருந்துச்சு. வண்டிதான் நேரா இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நூலை, சங்கிலியை, சுண்டுவிரல் அகலத்தை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பட்டறையை. சொல்லி முடிக்கும்வரை அவள் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

"அளந்தப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அவர் வாயைத் திறக்காதது உன் முகம் வாடக்கூடாதுன்னு. நீ எதுக்குண்ணே திறக்கல?"

"அதுவும் என் முகம் வாடக்கூடாதுன்னுதான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். வண்டியை அவர் மடியில் வைத்தாள்.

"இது அவர் வண்டி இல்ல. எடுத்துட்டுப் போய் எப்படி இருந்துச்சோ அப்படிப் பண்ணிக் கொண்டு வா."

அன்று மத்தியானமே இடது மட்கார்டின் பச்சையைச் சுரண்டினார். அட்டையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பட்டியை வைத்து, கட்டைவிரலால் ஒரே இழுப்பு. அழுதுகொண்டுதான் இழுத்தார். வீக்கம் முதல் தடவையிலேயே அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தார். தங்கச்சி கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள். "இதான்" என்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. மகள் ஓடிவந்து வாங்கிக்கொண்டு, "மாமா, இதுக்குத்தான் பல்வலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

ஒரு மாதம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பொண்டாட்டி சொன்னாள்: "உங்க தங்கச்சி வீட்டுக் குழாய் மறுபடி ஒழுகுதாமே. வெளி ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தாங்களாம். நீங்க போகலையா?"

"என்னைக் கூப்பிடல" என்றார் டிங்கர்.