மேயர் ஏன் கேட்டார்?

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி அமெரிக்காவிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அவன் இருக்கும் நகரத்து மேயர், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிரச்சினைகளைக் கேட்க ஒரு குழு அமைத்திருக்கிறாராம். அதில் இவனும் ஒருவன். பெரிய கொடி, பளபளக்கும் மரமேசை, இவனுடைய தோளில் மேயரின் கை. மனைவி இரண்டு தரம் போட்டுப் பார்த்துக் கண் கலங்கினாள். நான் உடனே அவனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டது, "அந்தாளுக்கு உன்னட்டை என்ன தேவையாம்?" என்றுதான். அவன் சிரித்தான். என் குணம் அப்படி. யாராவது காரணமில்லாமல் வணக்கம் சொன்னாலே பொக்கற்றைத் தடவிப் பார்க்கிற ஆள் நான்.

அந்த மேசையின் மினுக்கத்தைக் கண்டதும் எனக்கு மெழுகு மணத்தது. பாடன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகரத்தின் நகரசபையைத் துப்புரவாக்குவதுதான் சுவிஸில் எனக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை. விடிய ஐந்தரைக்குப் போவேன். மேயரின் அறையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வேன், மேசைக்கு மெழுகு போட நேரம் வேண்டும்.

மேயர் சைக்கிளில் வருவார். காவலும் இல்லை, கறுப்புக் காரும் இல்லை. நான் நம்புவேனா? பின்னால் எங்கேயோ ஜீப் நிற்கும் என்று பல மாதங்கள் யன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறேன். மேசையில் கடிதங்கள் திறந்தபடி கிடக்கும். என்னைச் சோதிக்கத்தான் வைக்கிறார் என்று எண்ணி, அவற்றைத் தொடாமல் சுற்றிச் சுற்றித் துடைப்பேன். கோப்பி போட்டு எனக்கும் ஒன்று நீட்டுவார். அவர் முதல் மிடறு குடிக்கும்வரை நான் குடிக்கமாட்டேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அந்த நாட்களில் தம்பி என் அறையில் ஒளிந்துதான் இருந்தான். அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். நாட்டைவிட்டுப் போகச் சொன்ன திகதியும் கடந்துவிட்டது. ஒளிந்திருப்பவன் ஒளிந்திருக்கவேண்டுமே! புதன்கிழமைகளில் பாடசாலை மண்டபத்துக்குப் போய் சுவிஸ்காரரோடு கரப்பந்து விளையாடத் தொடங்கினான். வலைக்கு மேலே நெஞ்சு தெரிய எழும்பி அடிப்பான். போகாதே என்று சொல்லிச் சொல்லி நான் களைத்துப்போனேன்.

ஒருநாள் காலை மேயர் கோப்பியை வைத்துவிட்டு, மண்டபத்தில் கரப்பந்து விளையாடுகிற அந்தத் தமிழ் இளைஞன் உங்கள் தம்பியா என்று கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்டார். அந்தச் சிரிப்புத்தான் என்னைப் பயமுறுத்தியது. ஊரில் சண்டைக் காலத்தில், வீட்டில் எத்தனை பேர் என்று சிரித்துக் கேட்டுவிட்டுப் போனவர்கள், பிறகு வந்து ஆளைக் கொண்டுபோயிருக்கிறார்கள். யார் கேட்டாலும் ஒரு தலையைக் குறைத்துச் சொல்லத்தான் நாங்கள் பழகியிருந்தோம். எனக்குச் சகோதரமே இல்லை என்றேன். அவர் தன் கடிதங்களுக்குத் திரும்பினார்.

வேலை முடிந்ததும் அறைக்கு ஓடினேன்.

"உடுப்பை அடுக்கு. உன்னைத் தேடுறாங்கள்."

"ஆர் சொன்னது?"

"மேயரே கேட்டவர்."

அவன் கட்டிலுக்கடியில் கிடந்த பையை இழுத்தெடுத்தான். சனிக்கிழமையே தெரிந்த ஒருவரின் காரில் பிரான்சுக்கு ஏற்றிவிட்டேன். அங்கிருந்து, காசு வாங்கிக் களவாக எல்லை தாண்டவைக்கும் ஏஜென்சிக்காரன் அவனை எந்தெந்த நாடுகளின் காடுகளால் நடத்திக்கொண்டு போனானோ! அமெரிக்கா போய்ச் சேரும்போது வலது முழங்கால் போய்விட்டது. பிறகு அவன் பந்தைத் தொடவேயில்லை.

அவன் போய் இரண்டு கிழமைக்குப் பிறகு மேயர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் காட்டினார். தம்பியை இங்கேயே இருக்கவிடும்படி கரப்பந்து அணி மாநில அரசுக்கு எழுதியது. கீழே நிறையக் கையெழுத்துகள். மேயருக்கென்று விட்ட இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அவனுக்கு இங்கே இரத்த உறவு இருக்கிறது என்றால் விண்ணப்பத்துக்குப் பலம், அதற்காகத்தான் கேட்டேன் என்று மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். கோபப்படவில்லை. அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? பொலிஸ் முத்திரை ஏதும் இருக்கிறதா என்று கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறும் வெள்ளை.

அந்தக் கையெழுத்தால் அவனுக்கு இங்கே விசா கிடைத்திருக்குமோ தெரியாது. கிடைத்திருக்கும் என்றுதான் மனம் சொல்கிறது. தம்பிக்கு இதை நான் சொன்னதேயில்லை. போய்ச் சேரட்டும் என்று இருந்தேன், பிறகு கால் சுகமாகட்டும் என்று, பிறகு அமெரிக்காவில் விசா கிடைக்கட்டும் என்று. அதற்குள் மேயரும் காலமாகிவிட்டார். அணி கலைந்துவிட்டது. நகரசபைக் கதவும் இப்போது அட்டை காட்டினால்தான் திறக்கிறது.

போன கோடையில் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். நகரசபையடியால் நடந்து போகும்போது அவனுடைய சின்ன மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பெரியப்பா, அப்பாவைப் பிடிக்கப் பாத்த கூடாத மேயர் இஞ்சையோ இருந்தவர்?"

தம்பி பக்கத்தில்தான் நின்றான். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஓம் பிள்ளை," என்றேன்.