கல்லாட்டம் ஒரு டியூப்

ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் டியூப் கடை வைத்திருக்கும் குப்பம்மா, யார் வந்தாலும் முதலில் கேட்பது, "உள்ள இன்னா ஓடப்போவுது?" என்றுதான். நீளமும் அகலமும் அப்புறம். மட்டம் பார்க்கும் கொத்தனாருக்குக் கண்ணாடி மாதிரியான லெவல் டியூப். கம்ப்ரசர் காற்றுக்கு நைலான். டீசலுக்கு நூல் பின்னிய கறுப்பு ரப்பர். லெவல் டியூப் மெத்தென்று இருப்பதே அதில் கலந்த ஒருவகை எண்ணெயால்தான். டீசல் அதை மெல்ல உறிஞ்சிவிடும். பிறகு டியூப் விறைக்கும், விறைத்தது உடையும். படகுக்காரர்கள் கெஞ்சினாலும் அவள் அதைத் தரமாட்டாள். இந்தப் பேச்சைக் கேட்காதவன் துறைமுகத்திலேயே ஒருவன்தான். அவனைத்தான் அவள் கட்டிக்கொண்டிருந்தாள்.

சுப்புராயன் விசைப்படகு டிரைவர். கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்புகிறவன், சாமி விஷயம் நீங்கலாக. கறுப்பு டியூப்பில் டீசல் வருகிறதா என்று தெரியாதாம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு, அவள் இல்லாத நேரம் பார்த்து, கடையிலிருந்தே லெவல் டியூப்பை வெட்டிக்கொண்டுபோய் இன்ஜினில் மாட்டிவிட்டான்.

சில மாதம் கழித்து ஒருநாள் மதியம் அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, பக்கத்துக் கடை ஜுபைர் மஞ்சளித்த டியூப் துண்டு ஒன்றை நீட்டினான்.

"மாமா குடுத்தாரு, அக்கா. படகு டீசல் டியூப்பாம். முனை கசிஞ்சிதாம், வெட்டிட்டு மாட்டிகினு கெளம்பிட்டாரு. இந்த சைசுக்கு கிளாம்பு எடுத்து வெக்கச் சொன்னாரு."

குப்பம்மா துண்டை வளைத்தாள். டக்கென்று இரண்டானது.

செல்போனில் கூப்பிட்டாள், அவன் எடுக்கவில்லை. துறைமுகத்துக்கு ஓடி, படகு ஓனர் அருள்நாதனின் வயர்லெஸ்ஸைப் பிடுங்கினாள்.

"இன்ஜினை ஆஃப் பண்ணுய்யா. டியூப்பு உடையப்போவுது."

இரைச்சலுக்கு நடுவே சிரிப்பு வந்தது. "இன்னாமே பேஜார் பண்ற? முன்ன கொழகொழன்னு இருந்திச்சி. இப்ப கல்லாட்டம் கீது."

"அதான்யா சொல்றேன். கல்லானா உடையும். பக்கத்துல சைலன்சர் கொதிச்சிகினு கீது, டீசல் அதுமேலதான் அடிக்கும், பத்திக்கும். கைய வெக்காத."

"நீ எதத்தான் நம்புன? இரு, வளைச்சிக் காட்டறேன், கேளு."

"வேணாம்யா" என்றாள். அவன் பேசும் பட்டனை விடவில்லை. அவன் பேசிக்கொண்டிருக்கும்வரை இவள் குரல் அங்கே போய்ச் சேராது.

வயர்லெஸ்ஸில் டக்கென்றது.

"பட்டன விட்டுட்டாம்மா, அந்தச் சத்தம்" என்றார் அருள்நாதன்.

பட்டனை விட்டிருந்தால் இன்ஜின் இரைச்சலும் நின்றிருக்க வேண்டும். அது இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.