மூன்று பேர் போட்ட சோறு

போன சனிக்கிழமை ஜானியை எங்கள் கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை கால்நடை டாக்டரிடம் காட்டினோம். ஜானி எங்கள் வீட்டு லேப்ரடார். வயது நான்கு. கொஞ்ச நாளாகவே பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தான்.

டாக்டர் எடை பார்த்தார். இருக்கவேண்டியதைவிடப் பத்து கிலோ அதிகம்.

"யாரு சாப்பாடு வெக்கறது?"

"நான்" என்றேன். "நான்" என்றாள் மனைவி மலர். "நான்தாங்க" என்றார் அப்பா. மூன்று பேரும் ஒரே நேரத்தில்.

"சரி. யாரு வெளிய கூட்டினு போறது?"

மூன்று பேரும் ஜானியைப் பார்த்தோம்.

தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து எங்கள் ஊர்ப் பிழைப்பே பெங்களூருவில்தான், உங்களுக்குத் தெரியுமே... நானும் மலரும் விடிவதற்குள் பெங்களூரு ரயிலைப் பிடிக்க வேண்டும். வீடு திரும்ப ஒன்பதாகிவிடும். அப்பா முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். தெருமுனை வரை போனாலே மூச்சு வாங்கும்.

அவர் காலத்தில் ஷிஃப்டுக்குக் கிளம்புகிற ஆளை வெறும் வயிற்றோடு யாரும் அனுப்பமாட்டார்கள். கேஜில், அதுதான் சுரங்க லிஃப்டில், இறங்கினால் எப்போது மேலே வருவார் என்று யாருக்குத் தெரியும்? சுரங்கம் மூடியும் அந்தப் பழக்கம் போகவில்லை. கிளம்புகிறவர் சாப்பிடுவார், ஜானிக்கும் வைப்பார். விடிகாலை என் பங்குக்கு இட்லி, மலர் பங்குக்குப் பால்சோறு. அப்பா இன்றைக்கும் ஷிஃப்ட் மாறும் மதியம் ரெண்டு மணிக்குத்தான் சாப்பிடுவார் — அப்போது குழம்புச்சோறு. எந்த ஷிஃப்டுக்கும் போகாத நாய்க்கு மூன்று ஷிஃப்ட் சாப்பாடு!

பகலெல்லாம் குரைப்பான். கதவைச் சுரண்டுவான். பாவம், பசி போலிருக்கிறது என்று அப்பா ரஸ்க் போடுவார்.

"அது பசி இல்லீங்க சார். ஓடணும்னு கேக்குது" என்றார் டாக்டர். "இந்த ஜாதிக்குக் காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வேலை குடுக்கணும். இப்ப மெதுவா நடந்தா போதும். நீந்தினா இன்னும் நல்லது. சாப்பாடு ரெண்டே வேளை, அளந்து வெயிங்க. சோத்தக் குறைச்சிட்டு வேகவெச்ச கோழி, முட்டை குடுங்க. இப்படியே வுட்டா எழுந்து நிக்கறதே கஷ்டம்."

வீட்டுக்கு வந்து யோசித்தோம். சாப்பாட்டைக் குறைத்துவிடலாம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவது?

"உன் மச்சான் தோட்டத்துல வுட்டுருடா" என்றார் அப்பா. "நாள் முச்சூடும் உள்ள அடைச்சி வெக்க அது இன்னா தப்பு பண்ணுச்சி?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. நானும்தான்.

மச்சான் என்றால் மலரின் அண்ணன். பங்காரப்பேட்டைப் பக்கம் தக்காளி போடுகிறார். தோட்டத்தில் ஒரு குட்டை உண்டு. மறுநாளே போனோம். எவ்வளவு கோழி, எத்தனை முட்டை என்று மலர் எழுதியே கொடுத்தாள்.

"கவலைப்படாதீங்க மாப்ள. பொழுதுக்கும் தோட்டத்தச் சுத்தறதுதான் என் வேலை. கூடவே வரட்டும்" என்றார்.

ஜானி குட்டையைப் பார்த்தான். இழுத்த காலோடு மெல்ல இறங்கினான். நீந்த ஆரம்பித்தான். அவனுக்கு நீந்தத் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாது. மலர் அழுதுகொண்டே கூப்பிட்டாள். வரவில்லை.

நான்கு வருஷமாக நாய் வளர்க்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை... சோறு போட்டேன், அவ்வளவுதான்.